மூன்றாம் தொட்டி

"தலைமாட்ட எறக்கு… இன்னும் எறக்கு… கால் பக்கம் தூக்கியே புடிங்க" என்று சொல்லியபடி அருண்ராஜ் பின்புறமாக நடந்து வந்தான். குளிர்பெட்டி கேட்டில் இடித்துக்கொண்டு நின்றது. கேட்டின் அகலம் இரண்டரை அடி. பெட்டி கொண்டுவந்த ஆட்கள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகத் தூக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அருண்ராஜ் பெட்டியைச் சாணால் அளந்து, "சாய்ச்சா வந்துரும்" என்றான். சாய்த்தார்கள். வந்துவிட்டது.

ஹேமநாத் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒயரைச் சொருக இடம் தேடினார்கள். "ஃப்ரிட்ஜுக்குப் பின்னால ஒரு பாயின்ட் இருக்கு" என்றான் அருண்ராஜ். இந்த வீட்டுக்கு அவன் எத்தனை தடவை வந்திருக்கிறான்? ஹேமநாத்துக்குத் தெரிந்து இரண்டு தடவை. இரண்டு தடவை வந்தவனுக்கு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் எப்படித் தெரியும்?

பெட்டிக்காரர் ஒரு தாளை அருண்ராஜிடம் நீட்டினார். "பெரிய புள்ள நீங்கதானே சார்? இதுல ஒரு கையெழுத்து."

"நான் இல்லீங்க. அவருதான் புள்ள."

பெட்டிக்காரர் திரும்பி ஹேமநாத்தை மேலும் கீழும் பார்த்தார். ஹேமநாத் கையெழுத்துப் போட்டான்.

காலை ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கப் போன அப்பா எத்திராஜ் வாசற்படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு பத்து. வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். திரும்பி வரும் வழியில் அம்மா வேதா பேசிய முதல் வாக்கியம், "அருணுக்குச் சொல்லிடுடா" என்பதுதான். பம்மலில் இருக்கும் தன் சொந்தத் தம்பியைக்கூட அவள் அதற்கு அப்புறம்தான் சொன்னாள். ஹேமநாத் மாமாவுக்குத்தான் முதலில் போன் செய்தான். அருண்ராஜுக்கு அரை மணி நேரம் கழித்துச் செய்தான். ஆனாலும் பல்கலைக்கழக விடுதியிலிருந்து கிளம்பி, மின்சார ரயில் பிடித்து, அஸ்தினாபுரம் வந்து, முதலில் செருப்பைக் கழற்றியவன் அருண்ராஜ்தான். மாமா வரும்போது மணி எட்டரை.

"இன்னா மச்சான், ரிட்டயர்டு ஆனதும் தெனம் பம்மலுக்கு வந்து சீட்டு ஆடறேன்னு சொல்லிகினு இருந்தியே" என்று துளசிங்கம் மாமா பெட்டியின் கண்ணாடியைத் தட்டினார். "நாலு மாசம் பொறுக்க முடியல உனக்கு? கட்டு வாங்கி வெச்சிட்டேன்யா." பிறகு துண்டை வாயில் பொத்திக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டார்.

எத்திராஜ் முப்பத்தொரு வருடம் பல்கலைக்கழகத்தின் சிவில் துறையில், கான்கிரீட் லேபில் உதவியாளராக இருந்தவர். மாணவர்கள் கான்கிரீட்டைக் கனசதுர அச்சில் வார்ப்பார்கள். மறுநாள் அச்சைக் கழற்றி, க்யூப்பின் மேல் பெயரையும் தேதியையும் எழுதி, லேபுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். இருபத்தெட்டு நாள் அது தண்ணீருக்குள் கிடந்து இறுக வேண்டும். அப்புறம் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். எவ்வளவு தாங்குகிறதோ அதுதான் மார்க், அதுதான் பட்டம். மூன்று தொட்டிகளும் எத்திராஜின் பொறுப்பு. தண்ணீர் ஓர் அங்குலம் குறைந்தால் அவருக்குத் தெரியும்.

அந்தத் துறையிலேயே ஹேமநாத்துக்கு எம்.இ. கிடைத்தபோது அவர் தெருவுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார். ஆனால் லேபுக்குள் அவனை மகன் என்று ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை. "வரிசைல வாங்க. மிக்ஸர் ஃப்ரீயானா கூப்புடறேன்" என்பார். வாங்க! மற்றவர்களை 'வாப்பா' என்பவர், பெற்ற பிள்ளையை வாங்க என்றார். ஒரு தடவை இரண்டு நாள் காத்திருந்து வார்த்த க்யூப் மெஷினில் நாற்பத்தொன்றிலேயே நொறுங்கியபோது, "கம்பியால சரியா குத்தல. உள்ள காத்து நின்னுருக்கு" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டு அடுத்தவனுடைய க்யூப்பை எடுத்தார்.

அடுத்தவன் அருண்ராஜ். கானத்தூர் மீனவக் குப்பத்துப் பிள்ளை, பிஎச்.டி. மூன்றாம் வருடம். கடல் காற்று அரிக்காத கான்கிரீட் அவனுடைய ஆராய்ச்சி. அவனுக்கு மட்டும் எத்திராஜ் வரிசை பார்க்காமல் விட்டாரா என்றால், அதுவும் இல்லை. அவனும் காத்துத்தான் நின்றான். ஆனால் காத்திருக்கும்போது இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் அது. வீட்டுக்கு வந்தால் இரவுச் சாப்பாட்டில் அதே பேச்சு. "அருணு இன்னிக்கி அறுபத்திரெண்டு எடுத்துட்டான்!" ஏதோ சேப்பாக்கத்தில் பேட் பிடித்தவனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். "அவங்க அப்பாரு கட்டுமரத்துல போறவரு. இவன் கை பாரேன், சிமென்ட் கரணை புடிச்சா அப்டி ஒரு நிதானம்." ஹேமநாத் ரசத்தைப் பிசைந்துகொண்டு தன் கையைப் பார்ப்பான்.

அருண்ராஜை எப்படி அழைப்பது என்று தெரியாமல், எதுவும் சொல்லி அழைக்காமலே ஒன்றரை வருடத்தை ஓட்டியிருந்தான் ஹேமநாத்.

இப்போது அந்த அருண்ராஜ் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அம்மா அவன் தலையில் கை வைத்து, "அழாதடா, அழாதடா" என்றாள். ஹேமநாத்துக்குக் காலையிலிருந்து அழுகையே வரவில்லை. வந்தவர்கள் அதைக் கவனிக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

பதினொரு மணிக்குத் துறைத் தலைவர் மாலையோடு வந்தார். ஹேமநாத் நின்ற பக்கம் நடந்து வந்தவர், நடுவில் அருண்ராஜைப் பார்த்ததும் நின்று அவன் தோளைத் தொட்டார். "உனக்குத்தான்பா பெரிய இழப்பு" என்றார். பிறகே ஹேமநாத்திடம் வந்து கை குலுக்கினார்.

ஒரு மணிக்கு அருண்ராஜ் தூக்குவாளியில் டீ வாங்கி வந்தான். எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசி இரண்டு டம்ளரோடு கொல்லைப்பக்கம் குழாயடிக்கு வந்தான். ஹேமநாத் அங்கே கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"குடி ஹேமா. காலைலேந்து ஒண்ணும் சாப்டல நீ."

ஹேமநாத் வாங்கிக்கொண்டான்.

"போன வாரமே நெஞ்சு புடிக்குதுன்னாரு" என்றான் அருண்ராஜ். "வாங்கண்ணா, டாக்டராண்ட போலாம்னேன். வாய்வுன்னுட்டாரு. வூட்ல சொல்லாதன்னாரு. நான் சொல்லியிருக்கணும்."

நெஞ்சுவலியைக்கூட இவனிடம்தான் சொல்லியிருக்கிறார். டம்ளர் விளிம்பு ஹேமநாத்தின் பல்லில் இடித்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"உன்னைப் பத்திப் பேசாத நாள் இல்ல ஹேமா. ஆனா உன்னாண்ட பேச அவருக்கு வராது. லேப்ல உன்னை வாங்கன்னு கூப்புடுவாரே, நான் கிண்டல் பண்ணியிருக்கேன். 'எம்புள்ள நாளைக்கு இஞ்சினீருடா, நாலு பேரு முன்னால வா போன்னா மரியாதையா இருக்குமா'ன்னாரு."

அருண்ராஜ் மூக்கை உறிஞ்சினான்.

"அந்த மெமோதான் அவரை உலுக்கிடுச்சு."

"எந்த மெமோ?"

அருண்ராஜ் நிமிர்ந்து பார்த்தான். "உனக்குத் தெரியாதா? ஆமா, உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. இனிமே இன்னா. பொங்கல் லீவுல என் க்யூப் முப்பத்தாறும் காஞ்சி கெடந்துச்சே, மூணாவது தொட்டில."

"தொட்டி ஒழுகிடுச்சுன்னு சொன்னாங்க."

"பசங்க அப்டி சொன்னாங்க. ஒழுகல. அடியில இருக்குற தக்கைய எவனோ புடுங்கி வுட்ருக்கான். தக்கையக் காணோம். நான் கம்ப்ளெய்ன்ட் எழுதறேன்னு ஹெச்ஓடி ரூமுக்குக் கெளம்பிட்டேன். எனக்கு முன்னால அண்ணா அங்க நிக்கறாரு. 'தொட்டி கழுவ நான்தான் சார் தண்ணியத் தெறந்துவுட்டேன். தக்கைக்குப் புதுத் துணி சுத்தலாம்னு வூட்டுக்கு எடுத்துகினு போய்ட்டேன். திரும்ப ரொப்ப மறந்துட்டேன்'னு சொல்லிகினு இருக்காரு. பையிலேந்து தக்கைய எடுத்து டேபிள் மேல வெச்சாரு. முப்பத்தொரு வருஷத்துல மொத மெமோ. சர்வீஸ் புக்ல ஏறிடுச்சு."

ஹேமநாத் டீயைக் கீழே வைத்தான்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணி. லேப் பூட்டியாகிவிட்டது. தொட்டிகள் இருக்கும் பின்பக்கக் கொட்டகையில் யாரும் இல்லை. துணி சுற்றிய அந்த மரத்தக்கையைத் திருகிப் பிடுங்கியபோது தண்ணீர் ஹேமநாத்தின் கால்சட்டையை முழங்கால் வரை நனைத்தது. தக்கையை எங்கே போடுவது என்று தெரியவில்லை. பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டுக்கொண்டான். மீனம்பாக்கம் தாண்டியதும் ரயிலிலிருந்து எறிந்துவிட நினைத்தான். கூட்டத்தில் கதவுப் பக்கம் நகர முடியவில்லை. மறுநாள் போகிக்கு வீட்டைக் கழுவினார்கள். பையை உதறித் துவைக்கப் போட்டவர் அப்பா. பொங்கல் கழிந்து பார்த்தபோது ஜிப்பில் தக்கை இல்லை. விழுந்து தொலைந்தது என்று அவன் நிம்மதியாக இருந்துவிட்டான்.

பொங்கலுக்கு அப்புறம் இரவுச் சாப்பாட்டில் அருண்ராஜின் பெயர் வரவே இல்லை. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். ஹேமநாத் அதை நாள் எண்ணிப் பார்த்திருக்கிறான். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான்.

"எனக்கு அப்பவே நம்பிக்க இல்ல" என்றான் அருண்ராஜ். "அவரு மறக்குற ஆளா? யாரையோ காப்பாத்துறாருன்னு தோணுச்சு. வாட்ச்மேனா இருக்கும். புள்ளகுட்டிக்காரன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம் நாலு ஞாயித்துக்கெழம வந்து முப்பத்தாறையும் என்கூட நின்னு மறுபடி போட்டுக் கொடுத்தாரு. வேணாண்ணா, நானே போட்டுக்கறேன்னாலும் கேக்கல. ஒவ்வொண்ணும் எட்டு கிலோ. அவரே தூக்கித் தூக்கித் தொட்டில வெச்சாரு."

அந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவும் ஹேமநாத் வயிறு எரிந்திருக்கிறான். சொந்தப் பிள்ளைக்கு ஒரு ஞாயிறு கொடுக்காதவர் என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறான். அப்பா அப்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்.

"அந்தத் தக்கை இப்ப எங்க இருக்கு?" என்று ஹேமநாத் கேட்டான்.

"தொட்டிலதான். வேற எங்க?" என்றான் அருண்ராஜ். "புதுத் துணி சுத்தி அவரேதான் அடிச்சாரு. ஒரு சொட்டு ஒழுகாது."

ஹேமநாத் வாயைத் திறந்தான். அருண்ராஜ் காலி டம்ளருக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கை விரலிடுக்கெல்லாம் சிமென்ட் அரித்து வெடித்திருந்தது. அப்பாவின் கையைப் போலவே.

"ஹேமா! இன்னாடா அங்க? குளிக்க வாடா, நேரமாவுது" என்று மாமா குரல் கொடுத்தார். அவன் எழுந்து போனான்.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். பாடையைத் தூக்கும்போது முன்பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தது. "யாராச்சும் ஒசரமான ஆளு வாங்கப்பா" என்றார் மாமா. அருண்ராஜ் நகராமல் ஹேமநாத்தைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் ஒரு காரியத்துக்கு அனுமதி கேட்டு நின்றான். ஹேமநாத் தலையை ஆட்டினான். அருண்ராஜ் தோள் கொடுத்தான்.

சுடுகாட்டில் விறகின் மேல் கிடத்தி வாய்க்கரிசி போட்டு முடித்ததும், தண்ணீர் நிறைந்த மண்குடத்தை ஹேமநாத்தின் இடது தோளில் ஏற்றினார்கள். மூன்று சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வரும் மாமா கத்தியின் நுனியால் குடத்தில் ஒரு பொத்தல் போடுவார்.

முதல் சுற்றில் ஒரு பொத்தல். தண்ணீர் மெல்லிய கோடாக அவன் முதுகில் விழுந்தது. காலடியில் மண் கறுத்தது.

இரண்டாம் சுற்றில் இன்னொன்று. வேட்டி நனைந்து முழங்காலில் ஒட்டியது.

மூன்றாவது பொத்தல் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. தண்ணீர் குபுகுபுவென்று கொட்டிற்று. குடத்தைப் பிடித்திருந்த ஹேமநாத்தின் கை பின்னால் ஊர்ந்து, தடவித் தேடி, அந்தப் பொத்தலைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலால் அடைத்தது.

"டேய், கைய எடு" என்று மாமா காதோரம் சொன்னார். "அடைக்கக் கூடாதுடா. தண்ணி போவட்டும்."

அவன் நடந்தான். "ஹேமா, கைய எடுப்பா" என்றான் விறகோரம் நின்ற அருண்ராஜும். தண்ணீர் கட்டைவிரலைச் சுற்றிக் கசிந்து மணிக்கட்டில் இறங்கி முழங்கையிலிருந்து சொட்டியது. ஹேமநாத் விரலை எடுக்காமலே சுற்றை முடித்து வந்து, தலைமாட்டில் நின்றான்.