முட்டுக்கம்பு கோஷ்டி

“பின்ன என்னட்டி, ஒனக்கு இடம் இல்லன்னு சொன்னதுக்கா இப்படி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? உங்கப்பா மணல் கம்பெனில பெர்மனென்ட்டு. நீ இங்கிலீஷ் மீடியம். அந்த கிளாஸு எங்கள மாதிரி பிள்ளையளுக்கு உள்ளது மக்கா!”

ஷைஜா சிரிச்சிட்டேதான் சொன்னா. ரேஷ்மிக்கு சிரிப்பு வரல்ல.

ரெண்டு பேருக்கும் மணவாளக்குறிச்சில அடுத்தடுத்த வீடு. நாகர்கோவில்ல ஒரே காலேஜ்ல ஒரே பி.எஸ்சி கெமிஸ்ட்ரில சீட்டு கெடச்சாச்சு. ஷைஜா கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம். அம்மை ராஜபாய் அண்டியாபீஸ்ல முந்திரிப்பருப்பு உரிக்கா. அந்த குடும்பத்துல காலேஜுக்கு போற மொத ஆளு இவதான். இப்படி உள்ள பிள்ளையளுக்குன்னே அந்த காலேஜ்ல, கிளாஸு தொடங்குததுக்கு முன்னாடி, மே மாச வெயில்லயே ஒரு பிரிட்ஜ் கோர்ஸ் வச்சிருக்காவ. இங்கிலீஷ், கணக்கு, லேப், லைப்ரரி, வெளங்கலன்னா எப்படி எழும்பி கேக்கணும், எல்லாம் சொல்லிக்குடுப்பாவ.

ரேஷ்மி ஆபீஸ்ல போயி கேட்டே பாத்தா. ஒனக்கு எதுக்கும்மா இதுன்னு அனுப்பிட்டாவ.

சரி, பாவம், போயிட்டு வரட்டும்னு ரேஷ்மி மனச தேத்திக்கிட்டா. அந்த ‘பாவம்’ இருக்கே, அதுல அவளுக்கு ஒரு சொகம் உண்டு. ஸ்கூல் படிக்கும்போ டியூஷன் நோட்ட கொண்டுவந்து சாயங்காலம் ஷைஜாவுக்கு சொல்லிக்குடுக்கது இவதான். “நீ இல்லன்னா நான் பாஸே ஆயிருக்க மாட்டேன்”னு ஷைஜா சொல்லும்போ வரக்கூடிய குளிர்ச்சி, ஐஸ் தின்னா கூட வராது.

காலேஜ் தொறந்த அன்னைக்கு ஷைஜா கையப் பிடிச்சி எல்லாத்தையும் காட்டிக்குடுக்கணும்னு பிளான் பண்ணிட்டுதான் ரேஷ்மி போனா. கேட்டு வாசல்லயே பிளான் பொளிஞ்சு போச்சு. வாட்ச்மேன் அண்ணன், “ஷைஜா, சாப்டியா பிள்ளே?”ன்னு கேக்காரு. லைப்ரரி அக்கா பேரு சொல்லி கூப்பிடுகா. சீனியருவ எல்லாம் கை காட்டுதாவ. கேன்டீன்ல எந்த நேரத்துல பழம்பொரி சூடா இருக்கும்னு வரைக்கும் அவளுக்கு தெரியுது! ரேஷ்மி பின்னால பின்னால நடக்கா, கல்யாண வீட்டுக்கு தெரியாம வந்து கேறுன ஆளு மாதிரி.

நெஞ்சுக்குள்ள மொளகா வத்தல அரச்சி தேச்ச மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

அடுத்தது லேப்பு. ரேஷ்மி படிச்ச ஸ்கூல்ல லேப்பு பூட்டித்தான் கெடக்கும். ரெக்கார்ட மட்டும் அழகா எழுதி ஃபுல் மார்க் வாங்குனவ. பிப்பெட்டுன்னு சொல்லுக கண்ணாடிக் குழாய கையில தொட்டதே இல்ல. கேக்கதுக்கு நாணம். ஜூஸு குடிக்க மாதிரி ஒரு இழு இழுத்தா பாருங்க, சோடா உப்பு கரைச்ச தண்ணி முழுக்க வாய்க்குள்ள! துப்பிட்டு நிமிந்தா மொத்த லேப்பும் சிரிக்கு.

ஷைஜா சிரிக்கல்ல. ஓடி வந்து வாய் கொப்பளிக்க தண்ணி குடுத்தா. “இந்தா, இந்த ரப்பர் பல்ப மாட்டி அமுக்கி விடணும். வாய் வைக்கவே கூடாதுட்டி. மேடம் எங்களுக்கு மொத நாளே சொன்னாவ”ன்னு மெதுவா சொல்லிக்குடுத்தா.

அந்த மெதுவாதான் ரேஷ்மிய கொன்னுட்டு. அவ எப்பவும் ஷைஜாகிட்ட பேசுக அதே மெது!

அன்னைக்கு கேன்டீன்ல வச்சி, இங்கிலீஷ் மீடியம் பிள்ளையளுக்க நடுவுல அவ வாயத் தொறந்தா. “அதுவளுக்கென்ன, நிக்க தெம்பு இல்லாததுக்கு ஒரு மாசம் முட்டு குடுத்து நிறுத்தியிருக்காவ. முட்டுக்கம்பு கோஷ்டி!”

சாயங்காலத்துக்குள்ள கிளாஸ் பூரா அதுதான் பேரு. பிரிட்ஜ் கோர்ஸ்ல உள்ள எபிசன் கேட்டுட்டு ஒரே சிரிப்பு. அவன் வீட்டுல வாழை வெவசாயம். “ஏலே, குலை தள்ளுன வாழைக்குத்தாம்ல முட்டு குடுப்பாவ! வெறும் வாழைக்கு எவன் குடுப்பான்?”னுட்டு, அவங்க வாட்ஸ்அப் குரூப்புக்கே முட்டுக்கம்பு கோஷ்டின்னு பேர மாத்திட்டான். ரேஷ்மி எறிஞ்ச கல்ல அதுவ எடுத்து மாலை கட்டி போட்டுக்கிட்ட மாதிரி ஆயிட்டு. அதுக்கும் பொறாமையா இருந்துச்சு அவளுக்கு! இவள யாரு ஒரு குரூப்புல சேத்தா?

ஆனா ஷைஜா சிரிக்கல்ல. பேர வச்சது யாருன்னு அவ காதுக்கு போயிட்டு. சண்ட போடல்ல. சாயங்காலம் ரேஷ்மி கூட பஸ்ஸுக்கு வாறத மட்டும் நிறுத்திட்டா.

அது சின்ன காரியம் இல்ல. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுல பஸ் உள்ள நுழையும்போதே ஜன்னல் வழியா பேக எறிஞ்சி சீட்டு பிடிக்கணும். ஷைஜா நல்ல பொக்கம், ஜன்னலுக்கு கை எட்டும், குறியும் தப்பாது. ரேஷ்மி மகாராணி மாதிரி ஆடி அசைஞ்சி ஏறி பக்கத்துல இருப்பா. ஊரு வர வரைக்கும் வாய் மூடாம பேச்சு. இப்போ தனியா, கம்பிய பிடிச்சி நின்னுட்டு வாறா. நிக்கதுகூட பரவால்ல. பேசாம வரணுமே!

மொத டெஸ்ட்ல ஷைஜாவுக்கு இவள விட மார்க்கு கூட. அந்த எரிச்சல சொல்லி அழக்கூட ஷைஜா பக்கத்துல இல்லன்னு அன்னைக்குதான் ரேஷ்மிக்கு ஒறச்சுது. முடிவு பண்ணுனா, இனி தாங்காது, ஷைஜா திரும்ப வேணும். நேரா, பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துக தங்கபாய் மேடத்துக்க சாயங்கால கிளாஸுக்கு போயிட்டா. பிரிட்ஜ் பிள்ளையளுக்கு காலேஜ் தொறந்த பிறகும் அந்த கிளாஸு தொடருது.

மேடம் பாத்தாவ. “உள்ள வா. ஆனா இங்க ஒரு வழக்கம் உண்டு. கிளாஸு தொடங்குததுக்கு முன்னாடி எல்லாரும் எழும்பி, எனக்கு இன்னது தெரியாதுன்னு ஒண்ணு சொல்லணும். யாரும் சிரிக்கக் கூடாது.”

எபிசன் எழும்புனான். “எனக்கு லாக் டேபிள் பாக்கத் தெரியாது.” இந்துஜா, “எனக்கு இங்கிலீஷ்ல லீவ் கேக்கத் தெரியாது”ன்னா. சும்மா சாயா கேக்க மாதிரி சொல்லுகுவ! ரேஷ்மி எழும்பி ஓடிரலாமான்னு வாசல பாத்தா. பன்னெண்டு வருஷமா தெரியாதத தெரிஞ்ச மாதிரி இருக்கத்தானே அவ படிச்சா?

ஷைஜா எழும்புனா. இவள பாக்கல்ல, போர்ட பாத்தே சொன்னா. “கூடப் பிறந்தவ மாதிரி இருந்தவ என்னத்துக்கு எங்களுக்கு பேரு வச்சான்னு எனக்கு தெரியாது மேடம்.”

இப்போ ரேஷ்மிக்க முறை. எழும்புனா. பிப்பெட்ட பத்தி சொல்லி தப்பிச்சிருக்கலாம். வாயில வந்தது வேற. “எனக்கு... அவளுக்கு ஒண்ணு என்ன விட முந்தி தெரிஞ்சா, அத எப்படி பொறுக்கணும்னு தெரியாது.”

யாரும் சிரிக்கல்ல. “இரி”ன்னாவ மேடம். கிளாஸு நடந்துச்சு. ஷைஜா திரும்பிப் பாக்கவே இல்ல.

பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் ஒண்ணாத்தான் நின்னாவ. பஸ் திரும்புச்சு. ஷைஜா பேக எறிஞ்சா, சீட்டு கெடச்சுச்சு. ரேஷ்மி தள்ளி முள்ளி ஏறிப் பாத்தா, ஷைஜா பக்கத்துல இந்துஜா இருக்கா. மறுபடியும் அதே வத்தல், அதே எரிச்சல்! கம்பிய பிடிச்சிட்டு கீழ பாத்தே நின்னா.

பஸ் கெளம்பும்போ ஒரு கை நீண்டுச்சு. ஷைஜா ஜன்னலுக்கு வெளியதான் பாக்கா. ரேஷ்மிக்க தோள்ல கெடந்த பேக இழுத்து தன் மடியில வச்சிக்கிட்டா. மணவாளக்குறிச்சி வர வரைக்கும் அத ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டுதான் வந்தா.

பஸ்ல நிக்கிற யாரு பேகயும் இருக்கவங்க வாங்கி வைக்கது நம்ம ஊர்ல பழக்கம்தானே. ஆனா ரேஷ்மி கேக்கவே இல்லியே, ஷைஜா தானாத்தானே இழுத்து வாங்குனா! அப்போ சொல்லுங்க, ஷைஜா அவள மன்னிச்சிட்டாளா, இல்ல நிக்கிற யாருக்கோ செய்ய மாதிரி சும்மா செஞ்சாளா, நீங்க என்ன நெனைக்கீங்க?