கெனோ எழுந்தால்

தேசிய சபை உறுப்பினர் லாம்பேர் கெனோ மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பகலெல்லாம் சபை, இரவெல்லாம் தானியக் கமிட்டி. புரட்சி வந்தால் அரசன் போவான் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்கமும் சேர்ந்து போகும் என்று எவனும் சொல்லவில்லை.

ஆனால் இன்றைக்குத் தூங்கக் கூடாது. அவருடைய ஊர் ரொட்டிக் கடைக்காரன் விவியனுக்கு நாளைக் காலையில் தலை போகப்போகிறது. கடையில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். விவியனும் ஒட்டித்தான் இருந்தான். மழை அதைக் கரைத்துக் கொண்டு போய்விட்டது. பதுக்கல்காரன் என்று தீர்ப்பாகிவிட்டது. தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கெனோ தீர்மானம் கொடுத்து ஐந்து நாளாகிறது. ஐந்து நாளும் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிவிட்டார்கள்.

விவியனின் மனைவி மார்த் காலை பத்து மணியிலிருந்து சபை மண்டபத்துக் கம்பித் தடுப்பருகே நிற்கிறாள். அவளுக்கு முன்னால் ஒரு கிராமமே மாதா கோயில் வெள்ளி விளக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து நாட்டுக்குக் கொடுத்தது. ஒரு கிழவர் தன் செருப்பின் வெள்ளிக் கொக்கியைக் கழற்றிக் கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகள் மனித உரிமைகளை ஒப்பித்துவிட்டுப் பாட்டும் பாடினார்கள். அத்தனை பேரையும் சபைத் தலைவர் கட்டித் தழுவினார். பிறகு படைவீரர்களின் பூட்ஸைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச்சு.

"இன்னும் ஒரே ஒரு பாட்டு பாடினாங்கன்னா, நானே கில்லட்டினுக்கு நடந்து போயிடுவேன்" என்றார் கெனோவின் பக்கத்தில் இருந்த உறுப்பினர் பிஸோ.

மணி ஐந்தடித்தபோது மார்த்தைக் கூப்பிட்டார்கள்.

"ஐயா..." என்று ஆரம்பித்தாள்.

"ஐயாவா? ஐயாவெல்லாம் ஒழிஞ்சாச்சு! தோழர்னு சொல்லு!" என்று பார்வையாளர் மாடத்திலிருந்து கூச்சல் வந்தது.

"மழைதாங்க தோழர்... அவர் ஒட்டினாருங்க. நானே பசை காய்ச்சிக் கொடுத்தேன்."

இந்தச் சபையில் ஆதரிப்பவர்கள் முதலில் எழுந்து நிற்க வேண்டும், எதிர்ப்பவர்கள் அடுத்து. கெனோவின் வரிசைகளில் இருந்த ஐம்பது சொச்சம் பேரும் எது எதற்கென்று காது கொடுத்துக் கேட்பதை விட்டு மாதங்களாகின்றன. கெனோ எழுந்தால் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள்.

தலைவர் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார். அடுப்பின் சூடு இதமாக இருந்தது. கண் எரிகிறதே, ஒரு நொடி மூடிக்கொள்வோம் என்று கெனோ நினைத்தார்.

"...எழுந்திருக்கலாம்" என்ற குரல் காதில் விழுந்ததும் அடித்துப் பிடித்து எழுந்தார். அவர் பின்னால் வரிசைகள் எல்லாம் எழுந்தன. நிம்மதியோடு மார்த்தைப் பார்த்தார். அவள் முகம் செத்துப் போயிருந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இது எதிர்ப்பவர்களுக்கான இரண்டாவது அழைப்பு.

"தீர்மானம் தள்ளுபடி" என்று தலைவர் மணியை எடுத்தார்.

"ஐயோ, இல்ல! தப்பா எழுந்துட்டேன்!"

"தப்பா எழுந்திருக்கறதுன்னு சட்டத்துல ஒண்ணும் கிடையாது, தோழா. உக்காரு."

கெனோ உட்காரவில்லை. "பேர் கூப்பிட்டு வாக்கெடுக்கணும்! நான் கேக்கறேன்!"

அதைக் கேட்க ஐம்பது பேர் எழுந்து நிற்க வேண்டும். பாதி உட்கார்ந்துவிட்ட வரிசைகள், கெனோ இன்னும் நிற்பதைப் பார்த்து மறுபடி எழுந்தன. செயலாளர் எண்ணினார். ஐம்பத்து மூன்று.

"யோவ், இப்ப எதுக்கு எழுந்தோம்?" என்றார் பிஸோ.

"எழுநூறு பேரையும் ஒவ்வொருத்தரா மேடையேத்தி வாக்கு கேக்கப் போறாங்க" என்றார் கெனோ.

"அடப்பாவி! என் சூப்பு ஆறிப் போகுமே!"

செயலாளர் பெயர்ப் பட்டியலைப் பிரித்தார். அதன் தடிமனைக் கண்டதும் மண்டபமே முனகியது. எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "நிறுத்தி வைங்கப்பா அந்தத் தண்டனைய! நிறுத்தித் தொலைங்க, வயித்தக் கிள்ளுது!" சற்று முன் எதிர்த்தவர்கள் எல்லோரும் இப்போது ஆதரித்து எழுந்தார்கள். ஒருமனதாக நிறைவேறியது என்றார் தலைவர்.

வாசலில் மார்த் கெனோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்.

"எதிர்க்கறவங்களக் கூப்பிட்டப்ப நீங்க ஏங்க ஐயா எழுந்தீங்க?"

இருபது வருடம் வக்கீல் தொழில் பார்த்தவர். எத்தனையோ பதில்கள் அவரிடம் இருந்தன. ஒன்றைத் தேடி எடுக்கவும் தெம்பில்லை.

"தூங்கிட்டேம்மா" என்றார்.

அவள் கைகளை விட்டாள். தண்டனையை நிறுத்திய ஆணையின் நகலை எந்த அறையில் தருவார்கள் என்று மட்டும் கேட்டாள்.