நெட்டையன் நாளைக்கு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணின் இடது கை விரல் நுனியைத் தொட்டால், தொட்டது அவளுக்குத் தெரிய ஐந்தரை வருடம் ஆகும். தோளைத் தொட்டால் அவ்வளவு ஆகாது, ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேல். முழங்கைக்கு மூன்று வருடம். வலது கையில் ஒரு குறையும் இல்லை. இடது கையும் சொன்ன வேலையைச் சொன்ன நொடியில் செய்யும்; விரிப்பை இழுக்கும், மடிக்கும், குடை பிடிக்கும். மூளையிலிருந்து கைக்குப் போகிற வழி திறந்துதான் கிடந்தது. கையிலிருந்து மூளைக்கு வருகிற வழியில்தான் யாருக்கும் அவசரம் இல்லை.

பிறவியிலேயே அப்படி. சின்ன வயதில் கையும் சின்னதாக இருந்ததால் எல்லாம் கொஞ்சம் சீக்கிரம் வந்து சேர்ந்தன. ஏழு வயதில் அக்கா புறங்கையில் நறுக்கென்று கிள்ளியபோது பேசாமல் உட்கார்ந்திருந்தவள், பத்து வயதில் கணக்குப் பரீட்சையின் நடுவே எழுந்து நின்று அலறினாள். ஆசிரியை பயந்துபோனார். அக்கா மட்டும் விஷயம் புரிந்து, அன்று சாயங்காலம் தன் பங்கு மிட்டாயைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். அதன்பிறகு வீட்டில் யாரும் இதை ஒரு வியாதியாக நினைக்கவில்லை. சிலருக்குத் தூக்கத்தில் பேச்சு, சிலருக்கு மாறுகண், இவளுக்குத் தாமதம்.

அவளைக் கட்டிக்கொண்டவன் கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவன். எட்டு மாதம் தண்ணீரில், நான்கு மாதம் வீட்டில். கையைப் பற்றி அவள் சொன்னபோது அவன், "அப்ப நான் கப்பல்ல இருக்கும்போதும் இங்கதான் இருப்பேன்னு சொல்லு," என்றான். ஊரில் இருக்கும் நாட்களில், சலவைக்கூடத்தில் வேலை முடியும் நேரத்துக்கு வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவான். அவள் வந்து உட்கார்ந்ததும் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக இழுத்துச் சொடக்கு எடுப்பான். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத கை, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. கட்டைவிரல், சுட்டுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல், நான்கும் ஆனபிறகு நடுவிரலை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இழுக்காமல் விட்டுவிடுவான். "நெட்டையன் நாளைக்கு," என்பான். மறுநாளும் நான்குதான், மறுநாளும் நெட்டையன் நாளைக்குத்தான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "அவனையும் எடுத்துட்டா அப்புறம் வர்றதுக்கு எனக்கு என்ன வேலை இருக்கு," என்றான். பதினோரு வருடத்தில் நெட்டையனுக்கு ஒருநாளும் சொடக்கு எடுக்கப்படவில்லை.

பன்னிரண்டாவது வருடம் சண்டை வந்தது. இனிமேல் கப்பலுக்குப் போவதில்லை, கரையிலேயே ஏதாவது பட்டறையில் சேர்ந்துவிடுகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். அவள் அதை நம்பி, வீட்டுக்கு இரண்டு ஜன்னல் திரையும் ஒரு சாய்வு நாற்காலியும் வாங்கிவிட்டாள். பிறகு பார்த்தால் அவன் இன்னொரு பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறான். ஒன்பது நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. துறைமுகத்துக்குக் கூட வந்தாள். கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்று அவன் கை நீட்டியபோது, அவள் வேண்டுமென்றே இடது கையைக் கொடுத்தாள். "உங்களுக்கு இது போதும்," என்றாள். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பி, சுங்க அலுவலகத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி பதினொன்று இருபது. சங்கு ஊதியது. அவன் கையை எப்போதோ விட்டிருப்பான் என்று நினைத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்தக் கையை அவன் பிடித்தானா, பிடிக்காமல் முறைத்துவிட்டுப் போனானா, அவளுக்குத் தெரியாது. தெரிய ஐந்தரை வருடம் ஆகும்.

மூன்று மாதம் கழித்துக் கப்பல் காணாமல் போனதாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் புது நாற்காலியில் யார் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது, அவள் இடது தோளில் அவன் கை விழுந்தது. முந்தின விடுமுறையில் ஏதோ ஒரு சாயங்காலம் பின்னாலிருந்து வந்து வைத்த கை. அவள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். அதைப்பற்றித் தெருவில் ரொம்ப நாள் பேசினார்கள். அக்காதான் ஒவ்வொரு வீடாகப் போய் விளக்கம் சொன்னாள். ஒன்றிரண்டு பேர் நம்பினார்கள், மற்றவர்கள் பாவம் என்றார்கள்.

ஆக மற்றவர்களுக்கு அவன் இல்லாமல் போன பிறகும் அவளுடைய இடது கைக்கு அவன் இருந்தான். பழைய விடுமுறைகள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டு மாதம் கை சும்மா கிடக்கும், நான்கு மாதம் சாயங்காலமானால் சொடக்கு விழும். ஆனால் அவன் மேலிருந்து கீழாகக் காலி செய்துகொண்டே வந்தான். இரண்டாவது வருடத்தில் தோளைவிட்டுப் போனான். அங்கே அதன்பிறகு அவள் சொந்தத் துண்டும் மழையும் தவிர வேறெதுவும் விழவில்லை. மூன்றாவது வருடத்தில் முழங்கையும் போயிற்று. கூட்டத்தில் அவளை நடத்திக் கூட்டிப்போக அவன் பிடிக்கிற இடம் அது, அது போனபோது அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. நான்கரை வருடம் ஆனபோது மணிக்கட்டுக்குக் கீழேதான் மிச்சம். ஒரு மனிதனுக்காக ஏங்குவது எல்லோருக்கும் உண்டு. அவளுக்கு அந்த ஏக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் சூடான உருளையில் அவள் இடது கை நான்கு விரலும் பட்டது. அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் வாசனை பிடித்துக் கத்தியதால் விரல் தப்பியது. மேற்பார்வையாளர் அவளை உருளையிலிருந்து நிறுத்திவிட்டு, நரம்புப் பிரிவுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவா என்றார். அங்கே நரம்பு சோதிக்கிறவர் ஒருவர் இருந்தார். தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி கழுத்தில் எப்போதும் ஒரு டேப் தொங்கும், அதனால் அவருக்கு டேப்புக்காரர் என்றே பெயர். விரலில் சின்னதாக மின்சாரம் கொடுத்து, கழுத்தில் ஒட்டிய வில்லையில் அது வந்து சேருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இருபத்தைந்து வருடமாக ஒரே முறை. இயந்திரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு காத்திருக்கும், அதற்குள் வராவிட்டால் நரம்பு செத்துவிட்டது என்று எழுதுவார். இவளுக்கும் அப்படியே எழுதினார். அவள் அதைப் படித்துவிட்டு, "சாகலைங்க. இப்பக்கூட என் வீட்டுக்காரர் சொடக்கு எடுத்துக்கிட்டுத்தான் இருக்கார்," என்றாள்.

டேப்புக்காரர் நல்ல மனிதர். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, அன்றைய மற்ற நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் கையை மூளையின் உச்சிவரை நான்கு முறை அளந்தார். மற்றவர்களுக்குத் தொட்டது நொடிக்கு ஐம்பது மீட்டர் ஓடும், இவளுக்கு நாளுக்கு அரை மில்லிமீட்டர் நடக்கிறது என்று கணக்கு வந்தது. மண்டைக்குள் ஒரே இருட்டு என்றும், மூளை தானாக எதையும் பார்த்ததோ தொட்டதோ இல்லை, வந்து சொல்வதை நம்பியே பிழைக்கிறது என்றும் அவர் விளக்கினார். "எல்லாருக்கும் லேட்டுதாம்மா. தொட்டப்புறம்தான் தெரியுது. உங்களுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்." பிறகு எழுதியதை அடித்துவிட்டு, 'உயிரோடு இருக்கிறது, மெதுவாக' என்று எழுதினார். அந்த ஒரு வரிக்காக அவள் அவரை ஆயுளுக்கும் மறக்கவில்லை.

மேற்பார்வையாளருக்கு அது போதவில்லை. நரம்பு மருத்துவர் அம்மாவிடம் வழி இருந்தது. கழுத்துப் பக்கம் ஆறு ஊசி, ஆறு வாரம், கை மற்ற கைகளைப்போல ஆகிவிடும். வழியில் வந்துகொண்டிருப்பதெல்லாம் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். மருத்துவர் அம்மா பொய் சொல்லத் தெரியாதவர்.

"அது கலைஞ்சு போயிடும்மா. ஆனா உங்க வேலை நிக்கும், கையும் பொசுங்காது. இன்னும் ஒரு வருஷம் போனா இந்த ஊசி எந்த அளவு பிடிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"ஒண்ணே ஒண்ணு வரணும் டாக்டர். அவர் கடைசியா என் கையை என்ன பண்ணினார்னு தெரியணும்."

அவள் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. உருளையிலிருந்து இறக்கி, அது துப்பும் விரிப்புகளை மடிக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. அக்கா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். போன மனிதனின் கோபத்தைத் தெரிந்துகொள்ள ஒரு கையைப் பணயம் வைக்கிறாயே என்று கேட்டாள். கோபம்தான் என்றால் அதையும் வாங்கிக்கொள்கிறேன், அவர் கொடுத்தது வீணாகப் போகக் கூடாது என்று இவள் சொன்னாள்.

டேப்புக்காரர் விரல்விரலாக அளந்து நாள் குறித்துக் கொடுத்தார். நீளத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தேதி. கட்டைவிரல் முதலில், அதன்பின் சுண்டுவிரல், சுட்டுவிரல், மோதிரவிரல், எல்லாவற்றுக்கும் கடைசியில் நெட்டையன். கட்டைவிரலின் தேதியில் அவள் மடிப்பு மேசையில் நின்றிருந்தபோது அது மெல்ல இழுபட்டது, டக்கென்று சொடக்கு விழுந்தது. அவள் அப்படியே விரிப்பில் முகத்தை வைத்து அழுதாள். அக்கா நம்பவில்லை. "பழக்கதோஷம்டி. கோவத்துலகூட அந்த மனுஷன் கை அதைத்தான் பண்ணும்," என்றாள். ஒன்றரை மாதத்தில் சுண்டுவிரலும், கோடையின் முடிவில் சுட்டுவிரலும், பத்து நாள் தள்ளி மோதிரவிரலும் வந்தன. நான்கும் ஒரே மாதிரி, அவசரமில்லாமல். இருந்தாலும் அக்கா சொன்னது அவள் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. நான்கு விரல் பழக்கம். ஐந்தாவதுதான் அவன்.

நெட்டையனின் தேதிக்கு முந்தின நாளே அவள் விடுப்புப் போட்டுவிட்டு நரம்புப் பிரிவில் போய் உட்கார்ந்தாள். டேப்புக்காரர் இந்தமுறை உச்சந்தலையில் வில்லையை ஒட்டி இயந்திரத்தை ஓடவிட்டார். அது நேர்கோடு போட்டுக்கொண்டே இருந்தது. முதல் நாள் ஒன்றும் வரவில்லை. டேப் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று அவர் சமாதானம் சொன்னார். இரண்டாம் நாள் காலை மருத்துவர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, போகாமல் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கோடு துடித்தது. அவன் நடுவிரலைப் பிடித்தான். இரண்டு விரலால், எண்ணெய்க் காய்ப்புத் தெரிய, அவளுக்குப் பழக்கமான அந்த இடத்தில். இழுக்கவில்லை. மற்ற நாட்களில் ஐந்தாறு நொடியில் விட்டுவிடுவான், அன்று விடவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிடி இறுகவுமில்லை, தளரவுமில்லை. டேப்புக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடமும் பன்னிரண்டு நொடியும் ஆனபோது, விரல் வெடுக்கென்று இழுபட்டது, டக்கென்று சொடக்கு விழுந்தது, அத்துடன் பிடி போய்விட்டது. இழுத்தது அவன் இல்லை. சங்கு ஊதியதும் அவளே இழுத்துக்கொண்ட கை அது.

பிறகு அவள், "அவர் விடலைங்க. நான்தான் இழுத்துட்டேன். நெட்டையனை நானே எடுத்துட்டேன்," என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது. டேப்புக்காரர் அந்தத் தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார், ஆஸ்பத்திரி விதிப்படி கொடுக்கக் கூடாது. மருத்துவர் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, இனியாவது ஊசிக்கு வரலாமே, முடிந்தவரை பார்ப்போம் என்றார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

அன்றுமுதல் தினமும் வேலை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், அவள் தன் வலது கையால் இடது நடுவிரலைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி. இழுக்க மாட்டாள். இடது கைக்கு அது தெரியாது, தெரியாவிட்டாலும் கிளம்பிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். நடுவில் உருளைச் சூடு வந்து சேரும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்து, அன்று ஒரு வாளிக் குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிர்ச்சி வர இன்னும் ஐந்தரை வருடம் ஆகும் என்பது நினைவு வந்ததும் வாளியைக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினாள்.

ஐந்தரை வருடம் ஆனது. ஒரு நாள் சலவைக்கூடத்தில் வேலை முடியும் நேரத்தில் அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு, வலது கையால் இடது நடுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே நேரத்தில் அந்த விரலை யாரோ பிடித்தார்கள். அனுப்புவதும் வருவதும் அதன்பிறகு தினமும் ஒரே சமயத்தில் நடந்தது. மடிக்கிறவள் நின்றால் விரிப்புகள் தரையில் விழும் என்பதால், மற்றப் பெண்கள் அந்த நேரத்துக்கு உருளையை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவள் முடிக்கும்வரை காத்திருப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்த ஆஸ்பத்திரியில் சாயங்கால விரிப்புகள் எப்போதும் ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி தாமதமாகத்தான் வரும்.