பத்தல

சலூன்காரரின் மாடி வீடு பதினான்கு சாண் பூமிக்குள் இறங்கியது. ஒரே நாளில் இல்லை. ஒரு பாக்கெட் வெல்டிங் ராடுக்கு ஒரு சாண் வீதம், பதினான்கு பாக்கெட்டுக்குப் பதினான்கு சாண். சுவரில் ஒரு கீறல் விழவில்லை, அலமாரியில் ஒரு தம்ளர் கவிழவில்லை. அளந்து பார்க்க வந்த நகராட்சிப் பொறியாளர் டேப்பை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று முடி வெட்டிக்கொண்டு போனார்.

கீழே சலூன், மேலே குடித்தனம். சலூன்காரருக்குத் தெருவில் நிதானம் என்று பெயர். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் தொண்டையில் கத்தி வைத்து ஒரு சொட்டு ரத்தம் பார்க்காத கை. ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டால் அந்த மனிதரிடம் நிதானம் மருந்துக்கும் கிடையாது என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அடுப்பை அணைத்தாயா என்று நாலு தடவை கேட்பார்; தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஐந்தாவது தடவையும் கேட்பார். அப்படிப்பட்டவரிடம், கடல் தாண்டி வாழ்க்கைப்பட்ட மகள் போனில் சொன்னாள்: “அப்பா, அடுத்த மாசம் இருபதாம் தேதி வர்றோம். பால்கனியில கம்பி இருக்குல்ல? பாப்பா நடக்கல, ஓடுறா.”

பால்கனியில் கம்பி இல்லை. துருப்பிடித்த பழைய கம்பியைப் பெயர்த்துப் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. பேத்தியை அவர் போன் திரையில் தவிர நேரில் பார்த்ததில்லை. அன்றிலிருந்து கண்ணை மூடினால் குழந்தை பால்கனி விளிம்பை நோக்கி ஓடியது. திறந்தால் கீழே சிமென்ட் ரோடு தெரிந்தது.

“ஆள் வச்சுப் போட்டுடலாங்க” என்றாள் மனைவி. ஊரில் உள்ள வெல்டர்கள் அத்தனை பேரும் அவரிடம்தான் சவரம் செய்துகொண்டார்கள். “ஒருத்தனாவது ஆடாம உக்காந்திருக்கானா? அஞ்சு நிமிஷம் கழுத்த நேரா வைக்கத் தெரியாதவன் கையில என் பேத்தியக் குடுக்கறதா?” என்றார் நிதானம். மறுநாளே, பட்டறை வைத்து வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார்.

டீச்சருக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. பகல் வகுப்பில் அவரோடு படித்த இன்னொருவர் ஒரு பல் டாக்டர், பொழுதுபோக்குக்காக வந்தவர். பழக்கதோஷத்தில் இரும்பில் ஓட்டை விழுந்தால் மட்டும் பிரமாதமாக அடைப்பார். தீக்குச்சி உரசுவது போல் ராடை இரும்பில் உரச வேண்டும், பொறி கிளம்பியதும் ஒரு நூலளவு தூக்கிப் பிடிக்க வேண்டும், வெளிச்சத்தைப் பார்க்காமல் உருகும் குழம்பைப் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் பாடம். பதறினால் ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒட்டும், மணிக்கட்டைச் சுண்டினால் வந்துவிடும். நிதானத்துக்கு ஒட்டிய ராடு மூன்று நாள் வரவில்லை. பிடியை விட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று அவரும் விடவில்லை. வாடிக்கைக்காரர்கள் பட்டறைக்கே வந்து அவருடைய இடது கையால் சவரம் செய்துகொண்டார்கள். நான்காம் நாள் டாக்டர், “என்ன சார், ஆடுற பல்லா?” என்று கேட்க, இவருக்குச் சிரிப்பு வந்து கை தளர, ராடு தானாக விட்டது.

அப்புறம் மெஷினை வாடகைக்கு எடுத்து வீட்டில் வேலையை ஆரம்பித்தார். பால்கனியில் போடும் அதே வெல்டிங் ஒட்டைத் துண்டுக் கம்பியிலும் போட்டு, தினமும் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். டீச்சர் முகமூடியைத் தூக்காமல் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மெஷின் இரைச்சலுக்கு நடுவே ஒற்றை வார்த்தை சொல்லுவாள்: “பத்தல.”

நிதானம் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஒட்டின் மேலும் இன்னும் கொஞ்சம் போடுவார். மறுநாளும், “பத்தல.” இன்னொரு பாக்கெட். ஒட்டுகள் நெல்லிக்காய் அளவாகி, எலுமிச்சையாகி, தேங்காயாகின. ஒவ்வொரு ஒட்டையும் போட்டுவிட்டுப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், ஆடாது. ஆடாததே அவருக்குச் சந்தேகமாக இருக்கும்.

வீடு இறங்குவதை முதலில் பார்த்தது மனைவி. “என்னங்க, சலூன் வாசல்ல மூணு படி இருந்துச்சு. இப்ப ரெண்டுதான் இருக்கு.”

“முதல்ல கம்பி. அப்புறம் படி.”

ஐந்தாவது பாக்கெட்டில் சலூன் ஜன்னலில் போகிறவர் வருகிறவரின் இடுப்பு தெரிந்தது, ஒன்பதாவதில் செருப்பு. பதினொன்றுக்கு மேல் மண்ணும் இரண்டு மண்புழுவும். பொறியாளர் வந்தது அப்போதுதான். கம்பியின் எடை அறுபது கிலோ, மீதிப் பாரம் எதனுடையது என்று தெரியவில்லை என எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெருவிலிருந்து சலூனுக்கு மண்ணில் படி வெட்டினார்கள். வாடிக்கைக்காரர்கள் கீழே குளுகுளுவென்று இருப்பதாகச் சொன்னார்கள். மாடிக்குப் போக வேண்டியவர்கள் தெருவிலிருந்து படி இறங்கி, சலூனுக்குள் நுழைந்து, உள்படி ஏறி மறுபடியும் தெரு மட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். குறுக்கே பால்கனிக் கம்பி இருந்ததால் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. நிதானம் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. அவர் பார்த்தது ஒட்டுகளை.

இருபதாம் தேதி காலை டீச்சரை வீட்டுக்கே கூட்டிவந்தார். டீச்சர் பால்கனியில் நின்று, தேங்காய் தேங்காயாகத் தொங்கியதைப் பார்த்துவிட்டு, சுத்தியலால் ஒன்றைத் தட்டினாள். ஒட்டு மொத்தமாகக் கழன்று காலடியில் விழுந்தது.

“அண்ணே, எத்தன தடவ சொன்னேன், பத்தல பத்தலன்னு!”

“அதுக்குத்தானம்மா போட்டுக்கிட்டே இருந்தேன்! பதினாலு பாக்கெட்!”

டீச்சர் கழன்ற ஒட்டைக் கையில் எடுத்தாள். “போதலன்னா சொன்னேன்? பிடிக்கலன்னு சொன்னேண்ணே. இரும்பு சூடாகி உருகவே இல்ல. மேல சும்மா உக்காந்திருக்கு. நீங்க போட்டதெல்லாம் எச்சில் மாதிரி ஒட்டியிருக்கு, பத்தல!”

அப்போதுதான் கீழே மகளின் குரல் கேட்டது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக. “அங்கேயே இரு! மேல வராதே!” என்று நிதானம் உள்படியில் பாதி தூரம் இறங்கி ஓடினார். மகள் பெட்டியோடு நின்றாள். அவள் கையில் குழந்தை இல்லை. அவர் கால்களுக்கு நடுவே ஏதோ புகுந்து மேலே போனது.

திரும்பிப் பின்னாலேயே ஓடினார். பேத்தி கூடத்தைத் தாண்டி ஓடினாள், ஒரு மாதமாக அவர் கண்ணுக்குள் ஓடிய அதே ஓட்டம். டீச்சர் எட்டிப் பிடிப்பதற்குள் கம்பியில் மோதினாள். நடுக்கம்பி மேலும் கீழும் ஒரே நேரத்தில் விட்டது. குழந்தை அதோடு வெளியே போனாள்.

நிதானம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. வந்தது ஒரு சைக்கிள் மணி, அப்புறம் சிரிப்பு. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பேத்தி ரோட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்று, பால்கனிக்குள் இருந்த தாத்தாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு தபால்காரர் சைக்கிளில் போனார்.

“தலையால அடிச்சுக்கிட்டேன், வீடு இறங்குது இறங்குதுன்னு” என்றாள் மனைவி.

அன்று பிற்பகல் டீச்சர் மெஷினில் கரண்டைக் கூட்டி, இரும்பைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, அவர் கையைப் பிடிக்காமல் பக்கத்தில் மட்டும் நின்றாள். நிதானம் ஒரே ஒரு ஒட்டுப் போட்டார், பயறு அளவு. டீச்சர் ஐந்து தடவை தட்டினாள். “பத்திடுச்சு” என்றாள். வீடு அந்த இடத்தில் நின்றது.

நகராட்சிப் பதிவேட்டில் அது இப்போது ஒரு மாடி குறைந்த வீடு. சலூன் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே நடக்கிறது. மகள் வருடா வருடம் வந்தாள். பேத்தி பள்ளிக்கூடம் போகிற வயதில், தரையோடு இருப்பதற்கு ஏன் மாடி என்று பெயர் என்று கேட்டாள். முன்னாடி உயரமா இருந்துச்சு என்றார் தாத்தா. அவளுக்குச் சைக்கிள் வாங்கிக்கொடுத்த வாரம் மட்டும் வீடு இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது. மனைவி வாசலாகிவிட்ட பால்கனியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தாள். சைக்கிளை ஏற்றி இறக்க அது வசதியாகவே இருந்தது.