அண்ணியின் கையெழுத்து

"யாரு வந்தது?" என்று கூடத்திலிருந்து கேட்டார் அண்ணன்.

"கீழ்த்தெரு ஆளுங்க" என்றாள் மனைவி, வாசல் கதவைச் சாத்தியபடி.

"நான் இங்கதான இருக்கேன். உள்ள அனுப்ப வேண்டியதுதானே?"

"உங்களப் பாக்க வரல. என்னைப் பாக்க வந்தாங்க."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

அவர் அரசியலுக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். கூட்டங்களுக்கு வாடகை மைக் செட் கட்டுகிறவராக இருந்தார். ஒருநாள் தலைவர் வரத் தாமதம். "ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று" என்று மைக்கைச் சோதித்தவர் ஒன்றரை மணி நேரம் சோதித்தார். ஆயிரத்தைத் தாண்டி எண்ணினார். கூட்டம் இரண்டு முறை கைதட்டியது. இவ்வளவு தெளிவாக எந்தத் தலைவரும் பேசியதில்லை என்றார்கள். அடுத்த தேர்தலில் அவரே நின்றார். நான்கு முறை ஊராட்சித் தலைவர். இருபது வயது மூத்தவர்களும் அவரை அண்ணன் என்றார்கள். அவர் வெளியூர் போயிருந்த சமயம் சாகக் கிடந்த ஒருவர், உத்தரவு கேட்க ஆளில்லாமல் நான்கு நாள் தள்ளிப்போட்டார் என்பதும் உண்டு.

ஐந்தாம் முறை அந்தப் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதற்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. மனைவி ஜெயிப்பாள், கணவன் ஆள்வான். சுவரொட்டியில் அவள் முகம் கட்டைவிரல் அளவு, அவர் முகம் கதவளவு. ஜெயித்ததும் மாலைகூட அவர் கழுத்தில்தான் விழுந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அவர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இரண்டு வருடம் போட்டாள்.

கீழ்த்தெருவுக்கென்று அரசாங்கம் கொடுத்த குடிநீர்க் குழாய், வழி தவறி, அண்ணனுடைய செங்கல் சூளையில் போய் முடிந்தது. குழாய்க்கு என்ன தெரியும், பாவம். 'கீழ்த்தெருவில் தண்ணீர் வருகிறது' என்ற சான்றிதழை அவர் நீட்டியபோது அவள் கையைத் துடைக்கவில்லை.

"தண்ணி வரட்டும், போடுறேன்."

"போடுன்னா போடு."

"கை ஈரமா இருக்கு."

கை மூன்று நாள் ஈரமாகவே இருந்தது. செய்தி கீழ்த்தெருவுக்குப் போனது. அதன் பிறகுதான் வாசலுக்கு வருகிறவர்கள் அவளைத் தேட ஆரம்பித்தார்கள்.

அண்ணனுக்கு வயிறு எரிந்தது. எத்தனையோ எதிரிகளைப் பார்த்தவர்தான். ஆனால் எதிரியே சாப்பாடு போடும்போது என்ன செய்வது? அவள் தெருவில் போனால், பத்தடி பின்னால் போய், யார் யார் கும்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அவளைக் கண்டு எழுந்து நின்ற கடைக்காரரிடம் வெற்றிலை வாங்குவதை நிறுத்தினார். அண்ணி என்று கூப்பிட்டவர்கள் தலைவரம்மா என்றதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஊரே உன்னைத் தாங்குதாமே."

"உங்களையும்தான் இருபது வருஷமா தாங்கினாங்க. தோள் மாத்த வேணாமா?"

அன்றே கதவைச் சாத்திக்கொண்டு, பழைய செய்தித்தாளில் அவள் கையெழுத்தைப் பழகினார். அவளுடையது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதை அப்படியே போட அவருக்கு மனம் வரவில்லை. அவளைவிட நன்றாகப் போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. தலையில் ஒரு சுழி, கடைசியில் ஒரு வால், கீழே இரண்டு கோடு. சான்றிதழ் மேலதிகாரிகளுக்குப் போயிற்று.

கீழ்த்தெரு மனுப் போட்டது. விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலையில் அண்ணன் மனைவியைக் கூப்பிட்டார்.

"உன் கையெழுத்துதான்னு சொல்லிடு."

"சொன்னா ஜெயிலுக்குப் போறது நான்தானே?"

"விவரம் தெரியாத பொம்பளைன்னு சொல்லி எடுத்துடுவேன்."

"இல்லன்னு சொன்னா?"

"இந்த வீட்டுக்குள்ள கால் வைக்காத."

ஊராட்சி அலுவலகத்தில் ஜன்னல் வரை தலைகள். அதிகாரி சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

அவள் தொண்டையைச் செருமினாள். அதற்குள் அதிகாரியே பேசிவிட்டார். "பத்து ஊர் பாத்துட்டேன். தலைவிங்க எல்லாரும் நடுங்கி நடுங்கிப் போட்டிருக்காங்க. இது எவ்வளவு கம்பீரமா இருக்கு. இப்படிப் போடுறவங்க எவனுக்கும் பயப்பட மாட்டாங்க."

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் ஒருவர் கைதட்டினார்.

வழக்கு, வசவு, சாபம் எல்லாம் தாங்கியவர் அண்ணன். அந்த ஒற்றைக் கைதட்டலைத் தாங்க முடியவில்லை.

"இவளுக்கு இப்படியெல்லாம் போட வராதுங்க" என்றார். "அது நான் போட்டது."

அதிகாரி பேனாவைத் திறந்தார். தான் சொன்னது அண்ணனுடைய காதில் அப்போதுதான் விழுந்தது.

"அதாவது, இவ சொல்லித்தான் போட்டேன். சொல்லேன்மா."

கல்யாணமாகி அவளை அவர் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லி எங்க வீட்டுல ஒரு ஜன்னலைக்கூடத் திறந்ததில்லீங்க" என்றாள். "வேணும்னா ஊரைக் கேளுங்க."

ஊரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சிரித்துவிட்டது.

சூளைக்குப் பூட்டு, அண்ணனுக்குச் சிறை. வீட்டுக்குள் கால் வைக்க முடியாதவர் அவராகிப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் தனியாகப் போனாள். தலைவருடைய மேசைக்குப் பின்னால், சலவைச் சட்டையில், அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் ஊர்ப் பெரியவர்கள். ஏற்பாடு அவர்களுடையது.

"உனக்கெதுக்குக்கா அலைச்சல்? இனிமே நான் பாத்துக்கறேன். நீ கையெழுத்து மட்டும் போடு, போதும்."

நியாயம்தானே என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். வாசலில் கீழ்த்தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள்.

"எந்திரிடா" என்றாள்.

அவன் பெரியவர்களைப் பார்த்தான். பெரியவர்கள் மேசையைப் பார்த்தார்கள். அவன் எழுந்திருக்கும் வரை அவள் அங்கேயே நின்றாள்.