நிமிர்ந்து நின்ற அளவு

"டாக்டரே, பின்னயும் நிமிர்ந்து போயி. மறுபடி எடுக்கணும்," என்று சொல்லிவிட்டு லூப் கம்பெனி ஆள் ஜோமோன் அளவு டேப்பைச் சுருட்டினான். ஞானஜோதிக்கு எரிச்சலாக வந்தது. அவன்மேல் இல்லை, தன் முதுகின்மேல். மேசைமேல் ஒரு டீத்தூள் டப்பாவை வைத்து, ஆபரேஷன் மேசையில் பிள்ளை கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாதாரணமாக நிற்கச் சொன்னான். அவளும் சாதாரணமாகத்தான் நின்றாள். டேப்பின் நுனி கண்ணோரம் வந்ததுமே முதுகு தானாக விறைத்துக்கொள்கிறது. அதை யார் விறைக்கச் சொன்னது?

மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது உள்ளதுதான். யூனிபாரத்துக்கு டெய்லர் அளவெடுத்தாலும் சரி, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் உயரம் பார்த்தாலும் சரி, ரேஷன் கார்டுக்குப் போட்டோ பிடித்தாலும் சரி, பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்துவிடும்: "நிமிந்து நில்லு." அவள் அம்மாவின் குரல் மற்ற குரல்களுக்கெல்லாம் மேலே கேட்கும். கொழுந்து கிள்ளிக் கிள்ளி முதுகு கூனிப்போன மனுஷி. குனியாத வேலைக்குப் போ, குனியாத வேலைக்குப் போ என்று ஓதி ஓதித்தான் மகளை டாக்டராக்கினாள். மகளும் ஆனாள், அதுவும் பச்சைப் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர். அந்த வேலையில் குனிந்தால்தான் சோறு என்று அந்த மனுஷியிடம் யார் போய்ச் சொல்வது.

லூப் என்பது வேறொன்றுமில்லை, மூக்குக் கண்ணாடியில் இரண்டு குட்டிக் குழாய்களைப் பொருத்தியது. போட்டுக்கொண்டால் முடி மாதிரி இருக்கிற நூலும் கயிறாகத் தெரியும். ஆனால் குறிப்பிட்ட ஒரு தூரத்தில்தான் தெரியும். அதைவிடக் கிட்டப் போனால் எல்லாம் கலங்கிவிடும். அந்தத் தூரம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அளந்துதான் செய்வார்கள். போன தடவை ஆஸ்பத்திரியில் வைத்து ஜோமோன் அளந்தபோது அவள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றிருக்கிறாள். அந்த அளவுக்கே லூப்பும் வந்து சேர்ந்தது. தியேட்டரில் வழக்கம்போலக் குனிந்தால் வெறும் மூடுபனி. நிமிர்ந்தால் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் அவளுக்குக் குட்டைக் கை. எட்டிப் பிடித்ததில் ஊசி நுனி ஆடியது, அந்த ஆட்டத்தையும் பாழாய்ப்போன லூப் பெரிதாக்கிக் காட்டியது. பாதியில் அவள் ஒதுங்கிக்கொள்ள, சீனியர் டாக்டர் பிஜு சார்தான் தைத்து முடித்தார். அவர் திட்டவில்லை. லூப் சரியாகாவிட்டால் பூமாரியின் பிள்ளைக்கு நானே செய்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பூமாரி வேறு யாருமில்லை, அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் பிள்ளை குடல் அடைபட்டுப் பிறந்தது. பிறந்த அன்றே வயிற்றில் துவாரம் வைத்து, குடல் நுனியை வெளியே எடுத்து, மேலே ஒரு பையை ஒட்டி உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் குடலைச் சேர்த்துத் தைத்து உள்ளே வைக்க வேண்டும். "நீ தைக்கிறதா இருந்தா பிள்ளையத் தாரேன். இல்லன்னா இந்தப் பையோடயே வளந்துட்டுப் போகட்டும்," என்று பூமாரி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். இன்றைக்கே அளவு போகாவிட்டால் ஆபரேஷன் தேதிக்குள் லூப் வராது. அதனால்தான் மூணாறுக்கு வேறு ஜோலியாக வந்திருந்த ஜோமோனை ஜீப்பில் ஏற்றி எஸ்டேட் வீடு வரைக்கும் இழுத்து வந்திருந்தாள்.

"பழைய தூரத்துக்கே பழகிக்கூடே டாக்டரே? கழுத்துக்கு அதா நல்லது," என்றான் ஜோமோன். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நிமிர்ந்தே வேலை பார்க்கக் கற்றுக்கொள்ளலாம், அம்மாவும் சந்தோஷப்படுவாள். ஆனால் ஒரு மாதத்தில் கை பழகிவிடுமா? அவள் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். டப்பாவைத் தள்ளி வைத்தாள், பிறகு கிட்டே இழுத்தாள். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

அப்போதுதான் பூமாரி பிள்ளையும் கையுமாக உள்ளே வந்தாள். "ஏட்டி ஜோதி, பை விட்டுப்போச்சு. சட்டையெல்லாம் நாசமாயிட்டு, கொஞ்சம் பாரேன்."

டப்பா ஓரத்துக்குப் போனது. துண்டை விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, பையை மெல்லப் பிரித்தெடுத்து, பஞ்சை நனைத்துத் துடைத்தாள். சிவப்பாக, ஈரமாக எட்டிப் பார்த்தது குடல் நுனி. அதன் ஓரத்தில் தோல் லேசாகப் புண்ணாகியிருந்தது. எங்கே புண், எதுவரைக்கும் புண் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். பிள்ளையின் பால் வாடை மூக்கில் ஏறியது. ஜோமோன் என்று ஒரு ஆள் வீட்டில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

"டாக்டரே, அனங்கல்லே. அசையாதீங்க." டேப் கண்ணோரம் வந்து போனது. ஜோமோன் அளவைப் பார்த்தான், நம்பாமல் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தான். "இவ்வளவு கிட்டயா? இந்த அளவுக்கு லூப் வச்சா பத்து வருஷத்துல கழுத்து போயிடும். பின்னே என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

அவனுக்கு டீ கொண்டுவந்த அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் குனிந்து நிற்கிற நிலையை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "நிமி—" என்று வாய் திறந்தது.

"சும்மா இருங்க அத்தை," என்றாள் பூமாரி. "அவ இப்படி மூஞ்சிய வச்சுப் பாக்கிறப்பதான் எனக்கு உசுரே வருது."

அம்மா டீ கிளாஸை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எழுதட்டே?" என்றான் ஜோமோன்.

ஞானஜோதிக்கு அதற்குள் பிடரியில் சுருக்கென்று இழுத்தது. நிமிர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கழுத்திலிருந்து தொங்கிய சிலுவைச் செயினைப் பிள்ளை எட்டிப் பிடித்து, முஷ்டிக்குள் சுருட்டி வைத்திருந்தது.

"எழுதுங்க," என்றாள்.

அம்மா டீ கிளாஸை மேசையில் வைக்க வந்தாள். மகள் வளர்ந்ததிலிருந்து அவள் முகத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது அம்மாவுக்கு. இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கூனல், இந்தப் பக்கம் ஒரு கூனல். இரண்டு பேர் கண்களும் ஒரே உயரத்தில் இருந்தன. அம்மாவின் கை கிளாஸை விடவில்லை. நடுவில் கிடந்த பிள்ளை செயினை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தது.