மட்டம் போட்ட வீடு

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய கொத்தனார் வீட்டில் பிள்ளைகள் சிரித்தால், வீடு ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கும். புகைப்படத்துக்கும் விருந்தாளிகளுக்கும் சிரித்த சிரிப்புக்கு அது அசைந்ததில்லை. சின்னவன் சட்டைக் கைக்குள் தலையை விட்டுக்கொண்டு சுவரில் முட்டியபோது, மேலே பல்லி விழுந்து அப்பா கட்டில்மேல் ஏறி நின்றபோது, இப்படி யாரும் நினைக்காமல் வந்து விழுந்த சிரிப்புக்குத்தான் இறங்கியது. கொத்தனாரின் மனைவியைப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் புதைத்த மழைக்காலத்தில் இது தொடங்கியது. தெருக்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள். பிறகு தங்கள் சுவர்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

வாசற்படிகள் மறைந்ததும் கொத்தனார் பயந்தார். மண்ணுக்குள் போனது திரும்பாது என்று அவருக்குத் தெரியும். சாப்பிடும்போது பிள்ளைகளை முதுகோடு முதுகாக உட்காரவைத்தார். தம்பிக்கு விக்கல் எடுத்தால் அக்கா அவன் வாயைப் பொத்தினாள். வீடு இறங்குவது நின்றது. அந்த வருஷம் பிள்ளைகளின் செருப்பு சிறுத்துப்போகவில்லை. நகம் வெட்டும் வேலையும் இல்லை.

அதைக் கண்டுபிடித்தது மச்சினிதான். காலிப் பைகளோடு வந்து நின்றாள்.

"புள்ளைங்க வளரவே இல்ல மாமா. கண்ணை எங்க வச்சிருந்தீங்க? நான் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போ," என்றார்.

அவள் துணிகளை அடுக்கினாள். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், தினமும் செய்வதுபோல் அவர் ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் குனிந்து குமிழியைப் பார்த்தார்.

"என்னப்பா பண்றே?" என்றான் சின்னவன்.

"வீட்டுக்கு மட்டம் பாக்கிறேன்."

"வீடுகூட மட்டம் போடுமா? வயித்து வலின்னு சொல்லிச்சா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட அன்று அவன் சொன்னதும் அதுதான். கொத்தனார் உதட்டைக் கடித்தார். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. அவர் சிரித்ததைப் பார்த்துப் பெரியவள் தரையில் உருண்டாள். வீடு ஜன்னல்வரை இறங்கியது. கதவைத் திறக்க முடியவில்லை. "ஐயோ, நான் பஸ் புடிக்கணும்!" என்று கத்திய மச்சினியும் சிரித்துவிட, அறை இன்னும் இருட்டியது. சின்னவனின் செருப்பு வார் பட்டென்று அறுந்தது.

கொத்தனார் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

கொஞ்ச காலம் ஜன்னல் வாசலாக இருந்தது. அதுவும் புதைந்தபின் மொட்டைமாடியை அறுத்து ஏணி வைத்தார். தபால்காரர் மண்டியிட்டுக் கடிதம் கொடுத்தார். பிள்ளைகள் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, பின்சுவருக்கு அப்பால் இன்னொரு சிரிப்பு கேட்டது. உயிரோடு இருந்தபோதும் அவளுக்கு எந்த வேடிக்கையும் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கும்.

"அம்மாவுக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கு," என்றான் சின்னவன். பெரியவள் விளக்கை அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

ஈரம் ஏறாமலிருக்கக் கொத்தனார் வீடு முழுவதும் புதிதாகப் பூசினார். பின்சுவரில் ஒரு செங்கலை மட்டும் பூசாமல் விட்டார்.